செம்புச் சத்தம்

ஈர்க்கு முறிஞ்சு போச்சு. இது மூண்டாவது. காஞ்ச ஈர்க்கு இப்பிடித்தான், கொஞ்சம் அமத்தினால் நுனி பிளந்து போகும். பச்சை ஈர்க்கு வளைஞ்சு குடுக்கும், ஆனால் களிம்பைப் பேர்க்காது. கிணத்தடியில விழுந்து கிடந்த ஓலையில இருந்து இன்னொண்டை உரிச்சு, கத்தியால கூர் சீவிக்கொண்டு வந்து, திரும்பவும் அந்தப் பழைய செப்புக் காசுக்கு மேல குனிஞ்சன். பக்கத்தால. மேலால குத்தினால் களிம்போட சேர்ந்து உருவமும் பேர்ந்து வந்திடும், பக்கத்தால மெல்ல மெல்லத்தான் தள்ள வேணும். ஞாயிற்றுக்கிழமை, காலமை ஒன்பதரை. எங்கட வேலைப் பொறுப்பாளர் அன்ரன் சேர் பதினொரு மணிக்கு வருவன் எண்டவர். ஒரு கடதாசி கொண்டு வருவார், அதில நான் கையெழுத்து வைக்க வேணும், அவ்வளவுதான். இன்னும் ஒன்றரை மணித்தியாலம் கிடக்கு, அதுக்குள்ள இந்த ஒரு பக்கத்தையாவது துப்புரவாக்கிப் போடலாம். காசு பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. எத்தினை நூறு வருசம் கிடந்ததோ, மண்ணும் களிம்பும் ஒண்டாய் இறுகி, தெரியாத ஆள் பார்த்தால் பச்சைக் கல்லு எண்டுதான் சொல்லும். பதினொரு நாளாய்ப் பற்றறித் தண்ணிக்குள்ள, கடையில விக்கிற வடிச்ச தண்ணிக்குள்ள, ஊறினது. புதன்கிழமை பின்னேரம் போட்டனான். வியாழக்கிழமை. தண்ணி ரெண்டு தரம் மாத்தினனான், கிணத்துத் தண்ணி கூடாது, எங்கட கிணறு உவர், உப்புத்தான் செம்புக்குச் சத்துரு. உப்பு உள்ளுக்குப் போனால் வெளிறின பச்சையில மா மாதிரி ஒரு தூள் பூக்கும், அது பூத்தால் காசு தன்ர பாட்டில தன்னையே தின்னத் தொடங்கும். புதன்கிழமை போட்டனான். புதன்கிழமை அவள் சிரிச்சுக்கொண்டு என்ர கைக்குள்ள வைச்சவள்.

"அம்மா, தேத்தண்ணி ஆறுது" எண்டு மகள் ஆரணி உள்ளுக்கு இருந்து கூப்பிடுறாள். "வாறன் பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு நான் எழும்பேல்லை. முழங்கால் எழும்ப விடாது. ஒன்பது வருசமாய் முழங்காலில நிண்டு செய்யிற வேலை, கண்ணிவெடி எடுக்கிற வேலை, இந்தப் பக்கத்தில என்னைப் போலப் பொம்பிளையள்தான் கனபேர். புருசன் இல்லாத ஆக்கள். என்ர அவர் கடைசிச் சண்டையில செல் குண்டு விழுந்து செத்தவர், ஆரணி அப்ப கைக்குழந்தை, அதைப் பற்றி இப்ப நினைக்க வேண்டாம், இப்ப ஈர்க்கு, இந்த விளிம்பு. ஒரு மீற்றர் அகலத்தில எங்களுக்கு ஒரு ஒழுங்கை பிரிச்சுத் தருவினம், ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, முன்னுக்குச் சிவப்புத் தடி ஒண்டு குறுக்கால போட்டு. தடிக்கு அங்கால ஒரு அடியும் வைக்கக் கூடாது. மார்புக்குக் கவசம், முகத்துக்குத் தடிச்ச கண்ணாடிக் கவசம், உள்ளுக்கு மூச்சு முட்டும், வேர்வை கண்ணுக்குள்ள ஓடும், துடைக்க ஏலாது. இரும்பு, செம்பைக் கண்டால் கத்துற கருவியை இடமும் வலமும் மெல்ல ஆட்ட வேணும். கத்தினால் நிப்பாட்டி, எந்த இடத்தில ஆகக் கூடக் கத்துதோ அங்க சிவப்பு வில்லை ஒண்டு வைச்சு, ஒரு சாண் பின்னுக்கிருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பக்கத்தால போக வேணும். மிதிவெடிக்குள்ள இரும்பு எண்டு கிடக்கிறது ஒரு சின்னத் துண்டுதான், அதுக்காகக் கருவியை அவ்வளவு கூர்மையாய் வைச்சிருக்கு, அதாலை அது எல்லாத்துக்கும் கத்தும். ஆணிக்கு, தகரத்துக்கு, தோட்டாவின்ர வெற்றுக் கோதுக்கு, செல் துண்டுக்கு. நூறு தரம் கத்தினால் தொண்ணூற்றொன்பது தரம் குப்பை. அந்த நூறு தரமும் மிதிவெடி எண்டு நினைச்சுத்தான் கிண்ட வேணும். முதல் நாள் பயிற்சியில அன்ரன் சேர் சொன்னவர், "சத்தத்தை வைச்சு இது என்னெண்டு நினைக்கிறவன் ஒரு நாளைக்குச் சரியாய் நினைப்பான், அடுத்த நாள் நினைக்க அவனுக்குத் தலை இருக்காது." நான் அதைக் கொப்பியில எழுதி வைச்சனான். அந்தக் கொப்பி எங்க? எரிச்சிருப்பன்.

குப்பை எண்டு சொல்லுறம், ஆனால் அது குப்பையில்லை. சனம் ஓடேக்க விட்டிட்டுப் போனது. எவர்சில்வர் கரண்டி. சைக்கிள் மணி. தையல் மெசினின்ர சின்னச் சக்கரம். ஒருக்கால் ஒரு குழந்தையின்ர கொலுசு, ஒற்றைக் கொலுசு, அண்டைக்கு நான் மத்தியானம் சாப்பிடேல்லை. ஒவ்வொரு தரமும் கருவி கத்தேக்க வயிறு ரெண்டு விதமாய்ச் சுருங்கும், வெடியாய் இருந்தால் எண்டு ஒரு சுருக்கு, வெடி இல்லாட்டி ஆரின்ர சாமானோ எண்டு மற்றச் சுருக்கு. போன வருசம் மாசி மாதம், கடலோரக் காணியில, பனங்காட்டுக்குப் பின்னால இருக்கிற மேட்டில, முதல் காசு வந்தது. மண்ணுக்குள்ள ஓட்டாஞ்சல்லி நிறையக் கிடந்த இடம். பச்சையாய் ஒரு வட்டம் தெரிஞ்சுது, சோடா மூடி எண்டு நினைச்சன். உள்ளங்கையில வைச்சால் பாரமாய் இருந்தது. விதிப்படி எடுக்கிற எல்லாம் பெட்டிக்குள்ள போட்டு, பழைய பொருள் எண்டால் மேல அறிவிக்க வேணும். நான் சப்பாத்துக்குள்ள போட்டனான். ஏன் போட்டனான்? விக்க இல்லை. சத்தியமாய் விக்க இல்லை. வீட்டை கொண்டு வந்து பழப்புளி போட்டுத் தேய்ச்சன், எங்கட செம்புக் குடத்துக்குத் தேய்க்கிற மாதிரி. அஞ்சு நிமிசத்தில பளபளவெண்டு சிவப்பாய் வந்தது, ஒரு உருவமும் இல்லாமல், புதுசாய் வெட்டின தகரத் துண்டு மாதிரி. அண்டைக்கு அழுகையாய் வந்தது. ஆரணி யூரியூப்பில தேடிப் போட்டு, "அம்மா, புளி போடக் கூடாதாம், அந்தப் பச்சைதான் காசின்ர தோலாம், அதுக்குள்ளதான் படம் இருக்குமாம்" எண்டாள். பிறகு ரெண்டாவதாய்க் கிடைச்ச காசைப் பற்றறித் தண்ணியில ஊறப் போட்டு, ஈர்க்கால பேர்த்து, காய வைச்சு, தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவினன். ஒரு ஆள் நிண்டார். குச்சி குச்சியாய்க் கை, குச்சி குச்சியாய்க் கால், கையில ஏதோ பூ. மற்றப் பக்கம் அதே ஆள் குந்தியிருந்தார். ஆரணியின்ர வரலாற்று ரீச்சர், படத்தைப் போனில பார்த்துப்போட்டு, சோழர் காலத்துக் காசு, ஆயிரம் வருசம் இருக்கும் எண்டு சொன்னவவாம். ஆயிரம் வருசம். நான் அண்டைக்கு அந்தக் காசைத் தலையணிக்குக் கீழ வைச்சுக்கொண்டு படுத்தனான். இந்த மண்ணுக்குள்ள இருந்து நான் எடுத்ததில அது மட்டும்தான் எங்கட காலத்தில செத்த ஆக்களின்ர இல்லை. அதைத் தொலைச்ச ஆள் ஆரெண்டாலும் ஓடேக்க தொலைக்கேல்லை. சந்தையில தொலைச்சிருப்பார், மடியில இருந்து விழுந்திருக்கும், ரெண்டு நாள் மனம் வருந்திப்போட்டு மறந்திருப்பார். அப்பிடி ஒரு தொலைச்சல். அப்பிடித் தொலைக்க எனக்கும் ஆசையாய் இருந்தது.

அதுக்குப் பிறகுதான் பிழைச்சது. பிழை எண்டு அப்ப தெரியேல்லை. கருவி கத்தேக்க வயிறு சுருங்கிறது நிண்டு போச்சு. காசாய் இருக்குமோ எண்டு ஒரு துள்ளல். பயத்துக்கு எண்டு இருந்த இடத்தில ஆசை வந்து குந்திட்டுது. நான் விதிப்படிதான் கிண்டினனான், பக்கத்தால, ஒரு சாண் பின்னுக்கிருந்து, ஆனால் மனம் மேலாலதான் கிண்டினது. இன்னும் நாலு காசு ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய் வந்தது. நாலுக்கும் சத்தம் ஒரே மாதிரி இருந்ததாய் எனக்குப் பட்டது. ஆணிக்கு வாற கீச்சு இல்லை, தகரத்துக்கு வாற இழுவை இல்லை, மெல்லிசாய், உருண்டையாய், நடுவில தொடங்கி நடுவிலேயே முடியிற சத்தம். நான் அதுக்குப் பேரும் வைச்சன், செம்புச் சத்தம். மனசுக்குள்ள மட்டும் வைச்சிருந்தால் என்ன? ஏன் வாயைத் திறந்தனான்? மத்தியானச் சாப்பாட்டு நேரம், கூடாரத்துக்குள்ள, அவள் என்ர சம்பலைத் தொட்டுத் தன்ர புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, "மலரக்கா, உங்களுக்கு மட்டும் என்னண்டு வருது?" எண்டு கேட்டவள்.

அவள் எண்டால் சுகிர்தா. பக்கத்து ஒழுங்கை. இருபத்தொன்பது வயது, எங்கட குழுவில ஆகச் சின்னவள், ஆகச் சத்தமாய்ச் சிரிக்கிறவள். புருசன் விட்டிட்டுப் போய் மூண்டு வருசம், நாலு வயதில ஒரு மகள், தாயோட விட்டிட்டு வேலைக்கு வாறவள். என்னில ஒரு ஒட்டு. காலமை வாகனத்தில எனக்குப் பக்கத்தில இடம் பிடிச்சு வைப்பாள். காசு விசயம் குழுவில அவளுக்கு மட்டும்தான் தெரியும், நான்தான் காட்டினனான், ஆருக்காவது காட்டாமல் இருக்க ஏலாமல் போச்சு. "சத்தத்தில தெரியும்" எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு வாயால செய்தும் காட்டினன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள், பாட்டுப் பழகிற பிள்ளை மாதிரி. "திரும்பச் செய்யுங்கோ" எண்டவள். திரும்பச் செய்தன். ரெண்டு நாள் கழிச்சு எனக்கு அதே சத்தம் கேட்டுக் கிண்டினன், துருப்பிடிச்ச ஆணி வந்தது. கூரையாணி. செம்புச் சத்தம் எண்டு ஒண்டும் இல்லை எண்டு அண்டைக்குத் தெரிஞ்சு போச்சு. நான் அவளுக்குச் சொல்லேல்லை. இதை வடிவாய் நினைக்க வேணும், விட்டிட்டு அங்கால போகக் கூடாது: நான் சொல்லேல்லை. ஏன்? வெக்கம். அவள் என்னைக் கெட்டிக்காரி எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவள். நாற்பத்து மூண்டு வயதில என்னை ஒரு ஆள் கெட்டிக்காரி எண்டு நினைச்சது அதுதான் முதல் தரம்.

புதன்கிழமை அவளுக்கு ஒரு காசு வந்தது. இந்தக் காசு. "செம்புச் சத்தம்தான் அக்கா, அப்பிடியே நீங்கள் சொன்ன மாதிரி!" எண்டு ஒழுங்கையால ஓடி வராத குறை. கண்டெடுத்த ஒரு காசு, அவளுக்கு அது போதும், இனி எல்லாச் சத்தமும் செம்புதான். "துப்புரவாக்கித் தாங்கோ, மகளுக்குச் சங்கிலியில போட்டுக் குடுக்கப் போறன்." நான் அப்ப சொல்லியிருக்கலாம். ஆணி வந்ததைச் சொல்லியிருக்கலாம். வாகனத்தில ஒரு மணித்தியாலம் பக்கத்தில இருந்தவள்.

வியாழக்கிழமை நான் குனிஞ்சிருந்தனான். விசாரணைக்கு வந்த ஆக்களுக்கும் அப்பிடித்தான் சொன்னனான், நான் குனிஞ்சு கிண்டிக்கொண்டிருந்தனான், சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தனான். அவை எழுதினவை. சத்தம் பெரிசில்லை. படத்தில காட்டுற மாதிரி இல்லை. கதவை அடிச்சுச் சாத்தின மாதிரி ஒண்டு, பிறகு மண் தூவுற சத்தம், மழை தொடங்கிற மாதிரி, பிறகு ஒண்டும் இல்லை. விசில் ஊதினவை. நான் அசையேல்லை, அசையக் கூடாது எண்டு விதி, விதியைத்தான் நான் அப்ப வடிவாய்க் கடைப்பிடிச்சனான். அவளுக்கு வலது கை மணிக்கட்டோட போச்சு. இடது கண் போச்சு. மற்றக் கண்ணுக்குள்ளயும் மண், அது பார்க்குமோ பார்க்காதோ எண்டு டொக்டர்மார் இன்னும் சொல்லேல்லை. ஈர்க்கை வைச்சிட்டுக் கையைத் துடைச்சன். ஈர்க்குக் காணும். பல்லுத் தீட்டுற பிரஷால மெல்லத் தட்டலாம். பழைய பிரஷ், ஆரணியின்ர. தட்டத் தட்ட மண் கரைஞ்சு தண்ணி பழுப்பாகுது. ஆஸ்பத்திரிக்கு நான் ஒருக்காத்தான் போனனான், ஞாயிற்றுக்கிழமை, போன ஞாயிறு. பஸ்ஸில ஒன்றரை மணித்தியாலம். வாட்டு வாசல் மட்டும் போனன். கடைசிக் கட்டில், சன்னலுக்குப் பக்கத்தில, முகம் முழுக்க வெள்ளைத் துணி, தாய் பக்கத்தில முக்காலியில இருந்து ஏதோ கதைச்சுக்கொண்டிருந்தவ. துணிக்குள்ள இருந்து அவளின்ர சிரிப்புக் கேட்டது. சிரிப்பு. என்னால உள்ளுக்குப் போக ஏலாமல் போச்சு. கொண்டு போன அப்பிளை வாசலில நிண்ட தாதியிட்டக் குடுத்துப்போட்டு, பேர் சொல்லாமல் திரும்பிட்டன்.

"அம்மா, இந்தக் காசுகளைக் குடுத்திடுவமா?" ஆரணி தேத்தண்ணியைத் தானே கொண்டு வந்து வைச்சுப்போட்டு நிக்கிறாள். பதினேழு வயது, எல்லாம் தெரியாது, ஆனால் மணந்து பிடிக்கிற பிள்ளை. "ஆருக்கு?" எண்டன். "தெரியேல்லை. எனக்கு உதுகளைப் பார்க்கப் பயமாய்க் கிடக்கு." "போய்ப் படி." போனாள். ஓட்டுக்கு மேல காகம் நடக்குது. பத்தரை. நான் குனிஞ்சிருந்தனான். இல்லை, ஒருக்கால் நிமிர்ந்தனான், குனிஞ்சு குனிஞ்சு நாரி பிடிச்சுக்கொண்டதால நிமிர்ந்தனான், அது சத்தத்துக்கு முதல். அவளும் நிமிர்ந்திருந்தவள். எங்களுக்கு நடுவில இருபத்தைஞ்சு மீற்றர், பனங்கன்றுகள், வெய்யில். அவள் முகக் கவசத்தை நெத்திக்கு மேல தூக்கி விட்டிருந்தவள், வேர்வைக்கு எல்லாரும் செய்யிறதுதான், ஒரு நிமிசம் தூக்கிப்போட்டு இறக்கிறது. காசில ஒரு கோடு தெரியுது. நெளிவாய், மேலயிருந்து கீழ. காலாய் இருக்கும். இல்லை, கோலாய் இருக்கும். அவள் என்னைப் பார்த்தவள். கருவியைக் காட்டி, காதைக் காட்டி, பிறகு பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டமாக்கிக் காட்டினவள். காசு. செம்புச் சத்தம் கேட்குது அக்கா, கிண்டட்டோ எண்டு கேட்டவள், வாயால இல்லை, அந்த விரலால. கேட்டவள். எனக்கு விளங்கினது. கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். கவசத்தை இறக்கு எண்டு கத்தியிருக்கலாம். விதிப்படி கிண்டு எண்டு கத்தியிருக்கலாம். ஆணி வந்தது, ஆணி வந்தது எண்டு கத்தியிருக்கலாம். நான் சிரிச்சனான். சிரிச்சுத் தலையாட்டினனான். அவள் திரும்பிக் குனிஞ்சவள், கவசம் நெத்திக்கு மேலதான் இருந்தது, நான் கண்டனான், பக்கத்தாலயும் இல்லை, கையை நேர மேலால கொண்டு போனவள், அதையும் கண்டனான். கண்டுகொண்டே நான் என்ர மண்ணுக்குத் திரும்பிக் குனிஞ்சனான். அதுக்குப் பிறகுதான் குனிஞ்சிருந்தனான்.

மோட்டச்சைக்கிள் சத்தம். பதினொண்டுக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்கு, ஆனால் அன்ரன் சேர் எப்பவும் முந்தித்தான் வருவார். காசைத் துணிக்குள்ள மூட நினைச்சன், கை மூடேல்லை. அவர் கேற்றைத் திறந்து வந்து, மாமரத்துக்குக் கீழ கிடந்த கதிரையில இருந்தார். ஐம்பது வயது மனிசன், பத்து நாளில அறுபது போலப் போயிட்டார். மேசையில கிடந்த பிரஷையும் ஈர்க்கையும் காசையும் பார்த்தார். பார்த்துப்போட்டுப் பைக்குள்ள இருந்து கடதாசியை எடுத்தார்.

"அறிக்கை முடிஞ்சுது மலர்" எண்டார். "குழியைப் பார்த்தாலே தெரியும், மேலால கிண்டியிருக்கிறாள். கவசம் போடேல்லை. அவளும் ஒத்துக்கொண்டிட்டாள். நீங்கள் பக்கத்து ஒழுங்கையில நிண்ட ஆள், ஒரு கையெழுத்து வேணும். அவ்வளவுதான்."

"அவளைப் பார்த்தனீங்களோ சேர்?"

"நேற்றுப் போனனான். கதைச்சவள். 'மலரக்காவுக்கு ஒண்டும் தெரியாது, அவ குனிஞ்சு வேலை செய்துகொண்டிருந்தவ' எண்டு நான் கேட்க முதலே சொன்னவள். ரெண்டு தரம் சொன்னவள்."

ரெண்டு தரம். துணிக்குள்ள இருந்து ரெண்டு தரம். கடதாசியை என்ர பக்கம் தள்ளினார். தட்டச்சில அடிச்ச தமிழ், எனக்கு வாசிக்க நேரம் எடுத்தது. எனது அவதானிப்பின்படி எண்டு தொடங்கினது. திருமதி சுகிர்தா, பாதுகாப்பு விதிகளை மீறி, தன்னிச்சையாக. அந்தச் சொல்லில கண் போய் நிண்டிட்டுது. தன்னிச்சையாக. அங்கால வாசிக்க ஏலேல்லை, திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வந்தது, கருவி ஒரே இடத்தில கத்துற மாதிரி. தன்னிச்சையாக. தன்ர இச்சையில. அவளின்ர இச்சைக்கு நான் சத்தம் போட்டுக் குடுத்தனான், வாயால செய்து காட்டினனான், திரும்பச் செய்யுங்கோ எண்டு கேட்டவள். பேனையை எடுத்தன். கையெழுத்து வைச்சால் நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு வாகனம் வரும், ஏறுவன், பக்கத்தில இடம் காலியாய் இருக்கும், பின்னேரம் வருவன், ஆரணி படிச்சுக் கம்பஸுக்குப் போவாள். எல்லாம் நேராய்ப் போகும்.

"இது சரியில்லை சேர்" எண்டன்.

"எது?"

"அவள் தன்னிச்சையாய்ச் செய்யேல்லை. என்னைக் கேட்டவள். நான் தலையாட்டினனான்."

அவர் கேற்றைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், உள்ளுக்கு ஆரணி படிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லிசாய்ச் சொன்னார், "மலர், யோசிச்சுக் கதையுங்கோ. உங்கட பேரை இதுக்குள்ள போட்டால் அவளுக்குக் கை வருமோ? கண் வருமோ? இப்ப ஒரு ஆள்தான் வேலை போய் வீட்டில இருக்கப் போகுது. ரெண்டு பேர் இருக்க வேணுமோ?"

"காசு எடுத்தது நான்தான் முதல். சத்தத்தில தெரியும் எண்டு அவளுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். அது பொய் எண்டு எனக்குப் பிறகு தெரியும் சேர். தெரிஞ்சும் சொல்லேல்லை."

"எனக்குச் சொல்லாதேங்கோ." கதிரையில இருந்து எழும்பிட்டார். "நான் இதைக் கேட்கேல்லை. ஒரு நிமிசம் அங்கால போய் நிக்கிறன். நீங்கள் கையெழுத்து வைச்சிட்டுக் கூப்பிடுங்கோ." நல்ல மனிசன். மாமரத்துக்கு அங்கால போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டார்.  அவருக்கும் இது எத்தினையாவது கடதாசியோ.

நான் அந்தச் சொல்லை வெட்டினன். ஒரு கோடுதான். பிறகு கீழ, வெறுமையாய்க் கிடந்த இடத்தில, என்ர கையால எழுதத் தொடங்கினன். எழுத்து ஓடேல்லை. பிழை விட்டு விட்டு எழுதினன். சப்பாத்துக்குள்ள போட்டது, வாயால சத்தம் செய்து காட்டினது, ஆணி வந்தது, விரலை வட்டமாக்கினது, தலையாட்டினது, கவசம் மேல இருந்ததைக் கண்டது. எழுதி முடிய இடமும் முடிஞ்சு போச்சு, கையெழுத்தை ஓரத்தில நெருக்கி வைச்சன். அவரைக் கூப்பிட்டன். வந்து நிண்டு கொண்டே வாசிச்சார். கன நேரம் வாசிச்சார். உள்ளுக்குப் போய்த் தகரப் பேணிக்குள்ள இருந்த ஆறு காசையும் கொண்டு வந்து, மேசையில கிடந்ததையும் சேர்த்து, அவரின்ர கையில குடுத்தன். சுகிர்தாவின்ர காசு அரைவாசிதான் துப்புரவாய் இருந்தது, அந்த நெளிவுக் கோடு என்னெண்டு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியேல்லை. உருவத்துக்குப் பக்கத்தில வெளிறின பச்சையில ஒரு பொட்டுப் பூத்திருந்தது.

"நாளைக்கு வாகனத்துக்கு நிக்க வேண்டாம்" எண்டார். "சீருடையையும் சப்பாத்தையும் பிறகு ஆரையாவது அனுப்பி எடுப்பிக்கிறன்." கேற்றடியில திரும்பிப் பார்த்தார். பிறகு மோட்டச்சைக்கிளை உதைச்சார்.

எனக்கு லேசாய் இருந்தது. அதை மறைக்க ஏலாது. நெஞ்சுக்குள்ள பத்து நாளாய் நிண்ட மூச்சு வெளியில போன மாதிரி. ஆறின தேத்தண்ணியைக் குடிச்சன், இனிச்சது. கிணத்தடிக்குப் போய் முகம் கழுவினன். ஆரணி குசினி வாசலில வந்து நிண்டு, "எல்லாம் கேட்டனான்" எண்டாள், அழேல்லை, கோபமும் இல்லை, கணக்குப் பிழைச்ச பிள்ளை மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நிண்டாள். அவளுக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கேக்கதான் போன் அடிச்சது. சுகிர்தாவின்ர தாயின்ர நம்பர். பன்னிரண்டரை. எடுத்தன். மூச்சு மட்டும் கேட்டது, பிறகு அவளே கதைச்சாள்.

"அன்ரன் சேர் அம்மாவுக்கு எடுத்தவர். என்ன அக்கா செய்தனீங்கள்?"

"உண்மையைத்தான் எழுதினனான் சுகிர்."

"ஆர் கேட்டது?" குரல் கிழிஞ்சு வந்தது. "நான் கேட்டனானோ? நான் எவ்வளவு யோசிச்சுச் சொன்னனான் தெரியுமோ, மருந்து மயக்கத்தில பிழையாய்ச் சொல்லிப் போடுவன் எண்டு பயந்து பயந்து, எனக்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பார்த்து வைச்சிருந்தனான். மலரக்கா வேலையில நிண்டால் எனக்கெண்டு வெளியில ஒரு ஆள் நிக்கும் எண்டு நினைச்சன். என்ர பிள்ளைக்கு ஒரு ஆள். அதையும் இல்லாமல் ஆக்கிப்போட்டியள்."

"நான் தலையாட்டினனான் சுகிர். நீ என்னைக் கேட்டனீ."

"தெரியும். எனக்குக் கண் இருந்ததுதானே அப்ப."

  மன்னிச்சுக்கொள் எண்டு சொல்ல வாய் வந்தது. அதையும் அவள்தான் தூக்கிச் சுமக்க வேண்டி வரும் எண்டு விளங்கினதால விழுங்கிட்டன். எழுதி முடிச்சுத் தேத்தண்ணி குடிச்சபோது வந்த அந்த லேசு, அது அவளிட்ட இருந்து எடுத்தது. இப்பதான் தெரியுது. வாட்டுக்குள்ள ஆரோ கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை அழுதது, அவளின்ர இல்லை. அவள் போனை வைக்கேல்லை. நானும் வைக்கேல்லை. கிணத்தடி வாளியில இருந்து தண்ணி சொட்டிச் சொட்டி நிண்டு போச்சு.

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிப்போட்டுக் கேட்டாள், "போன ஞாயிறு அப்பிள் கொண்டு வந்தது நீங்கள்தானே?"

"ஓம்."

"வாசலோட போயிட்டியள்."

"ஓம்."

"நாளைக்கு உள்ளுக்கு வாங்கோ" எண்டாள். கோபம் இன்னும் அப்பிடியே குரலில கிடந்தது. "பத்து நாளாய்த் தலை இழுக்கேல்லை, சிக்குப் பிடிச்சுக் கிடக்கு, அம்மாவுக்குத் துணிக்கட்டைத் தொடப் பயம், ஒத்தைக் கையால எனக்கு ஏலாது. சீப்பு ஒண்டு வாங்கிக்கொண்டு வெள்ளன வாங்கோ. இனி உங்களுக்கும் வேலை இல்லைத்தானே."